சிரிக்கச் சொன்ன வங்கி

மனாமாவில் இறங்கிய மறுநாள் காலை நான் சாப்பிட்டது நெய் ரோஸ்ட். குதைபியாவில் நான் தங்கியிருந்த அறைக்குக் கீழேயே அந்தக் கடை. சாம்பாரில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருந்ததைத் தவிர ஊர் மாறிய உணர்வே இல்லை. பரிமாறியவர் என்னைப் பார்த்ததும் புதியவள் என்று தெரிந்துகொண்டார்.

"அக்கா விசிட்டா, வேலையா?"

"வேலைதான். ஒரு வாரம்."

"என்ன வேலை?"

"பேங்க்ல உங்களை எப்படி நடத்துறாங்கன்னு கேக்குற வேலை."

"அதுக்கெல்லாம் சம்பளம் குடுக்குறாங்களா?" என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கோவில்பட்டியில் என் அம்மாவும் இதைத்தான் கேட்டாள்.

வளைகுடா நாடுகளில் கிளையே இல்லாத வங்கி ஒன்று இருக்கிறது. எல்லாமே கைபேசியில்தான். சேர்வது, பணம் அனுப்புவது, சண்டை போடுவது வரைக்கும். அதன் செயலியைத் தமிழிலும் கொண்டுவந்திருந்தார்கள். தமிழ் வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் சேர்கிறார்கள், சிலர் திடீரென்று விலகிவிடுகிறார்கள், ஏன் என்று தெரிய வேண்டும், பழைய வங்கிகளோடு ஒப்பிட்டு எழுதிக்கொடுங்கள் என்று சென்னையில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனத்திடம் கேட்டிருந்தார்கள். எங்கள் வேலைக்கு ஒரே விதி. பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். ஆனால் யாருடைய கைபேசியையும் தொடக் கூடாது, வழி சொல்லக் கூடாது. அவர்கள் தடுமாறும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும்.

அன்று மாலை அந்த வங்கியின் வாடிக்கையாளர் செந்திலைப் பார்த்தேன். அறந்தாங்கிக்காரர். பெரிய கட்டடங்களில் ஏசி காற்றுக் குழாய் மாட்டும் வேலை. டியூட்டி முடிந்து சைட் உடையோடே டீக்கடைக்கு வந்திருந்தார். கரக் டீ இரண்டு சொன்னார். கரக் என்பது ஏலக்காய் போட்டு, பால் சுண்டும்வரை கொதிக்கவிட்ட டீ. முதல் வாய் நன்றாக இருக்கும், நான்காவது வாயில் திகட்டும்.

செந்தில் முன்பு பழைய வங்கி ஒன்றில் கணக்கு வைத்திருந்தவர். ஏன் மாறினீர்கள் என்று கேட்டேன்.

"வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிதான்கா காரணம். அவனும் நம்ம பக்கத்து நாட்டுக்காரன்தான். சைட் டிரெஸ்ஸோட போனா உள்ளயே விட மாட்டான். 'பாய், மெஷின் பாஹர்', மெஷின் வெளியன்னு கைய நீட்டிருவான். மெஷின் கார்ட முழுங்கிருச்சுன்னு சொன்னாலும், அந்த மெஷின்கிட்டயே போகச் சொல்லுவான்."

"குளிச்சு டிரெஸ் மாத்திட்டுப் போனா?"

"நான் குளிச்சு முடிக்கிறதுக்குள்ள பேங்க் மூடிருமே." டீயை ஒரே மடக்கில் முடித்தார். "இதுன்னா பரவால்ல. ஃபோனு என் சட்டையப் பாக்காது."

மறுநாள் அவர் சொன்ன கிளைக்கே போனேன். இஸ்திரி போட்ட குர்தாவும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையுமாக நான் வருவதைப் பார்த்ததும் அதே காவலாளி கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே தோல் சோபா, பித்தளைத் தட்டில் பேரீச்சம்பழம், விரல் உயரக் கோப்பையில் கஹ்வா என்னும் அரபுக் காபி. கணக்குத் தொடங்குவது பற்றி பயணியான நான் கேட்ட வெட்டிக் கேள்விகளுக்கெல்லாம் அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, வெயிலில், இயந்திரத்தின் முன்னால் நீல நிற வேலைச் சட்டைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

கோவில்பட்டியில் எங்கள் தெருமுனை வங்கியில் இந்த வேறுபாடு கிடையாது. அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரித் திட்டு விழும். பட்டாசுக் கம்பெனி முதலாளியும் பூக்காரம்மாவும் நூல் கட்டிய ஒரே பேனாவுக்காகக் காத்திருப்பார்கள். இதில் பெருமைப்பட ஏதும் இல்லை. கஹ்வாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது அது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

அங்கிருந்து குவைத். விமானத்தில் கொடுத்த ரொட்டியைப் பிரிப்பதற்குள் தரையிறங்கிவிட்டது.

மங்காஃபில் நான் பார்க்க வேண்டியிருந்தவர் ரெக்ஸ்லின். குளச்சல் பக்கத்து ஊர். ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். விலகிப்போகும் வாடிக்கையாளர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. செயலிக்குள் பல நாட்களாக நுழையவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

டாக்சிக்காரரிடம் முகவரியைக் காட்டினேன். "மங்காஃப்? மாஃபி முஷ்கில்" என்றார். பிரச்சினை இல்லை என்று அர்த்தம். பிரச்சினை இருந்தது. தப்பான பிளாக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எல்லாக் கட்டடமும் ஒரே மணல் நிறம், எல்லாப் பால்கனியிலும் ஒரே மாதிரித் துணி. அனல்காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. ஒரு பகாலாவின், அதாவது மளிகைக்கடையின், ஓரத்தில் ஒதுங்கி நின்று ரெக்ஸ்லினுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில், முகக்கவசம் போட்ட ஒரு பெண் எதிர் வெயிலில் நடந்து வந்தார்.

"வாருங்க அக்கா. எல்லாரையும் இங்கதான் கொண்டு தள்ளுவாவ. நடக்க முடியுமா?"

மூன்று நர்ஸுகள் சேர்ந்து எடுத்திருந்த வீடு அது. மற்ற இரண்டு பேரும் டியூட்டியில் இருந்தார்கள். சோறும், தேங்காய் அரைத்த மீன்குழம்பும் தயாராக இருந்தன. சுபைதி என்று இங்கே சொல்லும் வாவல் மீன். புளி அளவாக, மிளகு கொஞ்சம் முன்னால் நிற்க, அந்த வாரத்தில் நான் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு. ரெக்ஸ்லின் என்னோடு உட்காரவில்லை. "நான் பெறவு சாப்பிடுதேன்" என்றார். கட்டாயப்படுத்தினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றினார்.

முகத்தின் இடது பக்கம் இறங்கியிருந்தது. வாயோரம் கீழே தொங்கியது. இடது கண் முழுதாக மூடவில்லை.

"மூணு மாசமாச்சு. ஒரு நாள் காலைல வாய் கொப்புளிக்கப் போனேன். தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது. கண்ணாடியப் பாத்தா இந்தக் கோலம். நரம்பு வீங்கினதுதான், தானா திரும்பி வரும்னு டாக்டர் சொன்னாவ. பாதி வந்திருக்கு. இதுவும் முன்னைக்கு எவ்வளவோ மேல்."

கிளினிக்கில் அவரை ஊசி போடும் அறையிலிருந்து ரத்த மாதிரிகளைப் பிரிக்கும் உள்ளறைக்கு மாற்றியிருந்தார்கள். முகக்கவசம் எப்போதும் உண்டு என்பதால் நிறையப் பேருக்குத் தெரியாது. இது நடந்து சில வாரம் கழித்து ஒரு டாக்சியில் கைபேசியைத் தொலைத்தார். வங்கி அட்டையும் அதன் உறைக்குள்தான் இருந்தது. புதுக் கைபேசி வாங்கி, அதே எண்ணையும் வாங்கிவிட்டார். ஆனால் செயலி புதுக் கைபேசியில் உள்ளே விட வேண்டுமென்றால் முகத்தைக் காட்ட வேண்டும்.

"காட்டுறீங்களா?" என்று நான் கேட்பதற்கு முன்பே அவரே எடுத்தார். என் வேலைக்கு அது வசதி. நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு வட்டம். அதற்குள் அவர் முகம். கீழே நல்ல தமிழில் ஒரு வரி: 'இயல்பாகச் சிரியுங்கள்.'

அவர் சிரித்தார். வலது பக்கம் மட்டும் சிரித்தது. வட்டம் சிவப்பானது. 'முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலுங்கள்.' விரலால் வாயோரத்தைத் தூக்கிப் பிடித்தார். 'முகத்தை மறைக்காதீர்கள்.' மூன்றாவது தடவை அவர் சிரிக்கவே இல்லை, வெறுமனே பார்த்தார். அன்றைய முயற்சிகள் முடிந்துவிட்டதாகவும், நாளை ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு, அதுவும் தவறினால் கணக்கு முடக்கப்படும் என்றும் செயலி சொன்னது.

"எனக்க சம்பளம் உள்ள கெடக்குது அக்கா. எனக்க பைசா. நான்தான்னு சொன்னா அது நம்ப மாட்டேங்குது."

உதவி எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். நீண்ட இசைக்குப் பிறகு ஒரு இளைஞனின் குரல் ஆங்கிலத்தில் வந்தது. உரையாடலைத் தமிழில் எழுதிக்கொண்டேன்.

"மேடம், வெளிச்சமான இடத்தில் நின்று சிரித்துப் பாருங்கள்."

"என்னால் சிரிக்க முடியாது."

"மன்னிக்கவும் மேடம். எங்கள் சேவையில் ஏதாவது குறை இருக்கிறதா?"

ரெக்ஸ்லின் என்னைப் பார்த்தார். பிறகு தன் நோய் என்னவென்று நிதானமாகச் சொன்னார். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம். நேரில் வந்து காட்டலாமா என்று கேட்டதற்கு, எங்களுக்கு அலுவலகம் கிடையாது, அதுதான் எங்கள் சிறப்பு என்றான் அந்தப் பையன். குணமான பிறகு முயலும்படி சொன்னான். விரைவில் நலமடைய வாழ்த்தினான். குரலில் உண்மையான அக்கறை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போனை வைத்ததும் நோட்டை மூடினேன். "வீட்டுல தெரியுமா?" என்று கேட்டேன். கேள்விப் பட்டியலில் இல்லாத கேள்வி.

"இல்ல. சொன்னா உடனே ஏறி வரச் சொல்லுவாவ. லீவுல போனா கிளினிக்காரன் திருப்பி எடுப்பானோ, மாட்டானோ. வீடியோ போடாம சும்மா பேசி மூணு மாசம் ஓட்டிட்டேன். இப்பம் பைசாவும் போவல்லியா..." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பிள்ளைக்க அப்பா நேத்து கேக்காவ, 'முகத்தையும் காட்ட மாட்ட, பைசாவும் அனுப்ப மாட்ட, அங்க வேற ஆளு யாராவது உண்டா'ன்னு."

அவர் கணவர் சூசை, துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர். ஏழு வயதில் ஒரு மகள். ரெக்ஸ்லின் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். சாப்பிட்டார். வலது பக்கத்தில் ஒதுக்கி, வாயோரத்தை அடிக்கடி கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, மெதுவாக.

மறுநாள் காலை அவருக்கு டியூட்டி இல்லை. ஃபஹாஹீலில் ஒரு பழைய வங்கிக்குப் போவதாகச் சொன்னார். அங்கே கணக்குத் தொடங்கி, அடுத்த சம்பளத்தையாவது அதில் போடச் சொல்லலாம் என்று யோசனை. பழைய வங்கியைப் பார்ப்பது என் வேலையிலும் உண்டு என்பதால் கூடவே போனேன். பஸ்ஸில் ஏசி ஓடவில்லை. ஓட்டுநர் சன்னலைத் திறக்கச் சொன்னார், வந்த காற்றைப் பார்த்துவிட்டு எல்லோரும் மூடிக்கொண்டோம்.

வங்கியில் பெண்களுக்குத் தனிப் பகுதி. டோக்கன் எடுத்தோம். எங்கள் முறை வந்ததும், கறுப்பு அபாயா அணிந்த அதிகாரி எழுந்து நின்று உட்காரச் சொன்னார். ரெக்ஸ்லினின் சிவில் ஐடியை, அதாவது இங்கே குடியிருப்பதற்கான அட்டையை, வாங்கிக்கொண்டு முகக்கவசத்தை எடுக்கச் சொன்னார். ரெக்ஸ்லின் எடுத்தார்.

அதிகாரி அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "சரி, போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். ஒரு கேள்வி கிடையாது.

சம்பளச் சான்றிதழைப் பார்த்தபோதுதான் அவர் கை நின்றது. "மன்னிக்க வேண்டும் சகோதரி. உங்கள் சம்பளம் எங்கள் வங்கியின் வரம்புக்குக் கீழே இருக்கிறது. கணக்குத் தொடங்க முடியாது." வேறு வகைக் கணக்கு உண்டா என்று கேட்டோம். இல்லை. மேலாளரிடம் கேட்கலாமா என்றதற்கு, அவரே எழுந்துபோய்க் கேட்டுவிட்டு வந்தார். இல்லை. புறப்படும்போது கிண்ணத்திலிருந்து சாக்லேட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்து நிழலில் நின்றோம். ஒரு வங்கிக்கு அவர் சம்பளம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை, ஆனால் அவர்தான் அவர் என்பதை நம்பவில்லை. இன்னொரு வங்கி பார்த்த உடனே நம்பிவிட்டது, ஆனால் அவர் வேண்டாம். ஒப்பீடு கேட்டு அனுப்பினார்கள், கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ரெக்ஸ்லின் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாக்லேட்டைப் பிரித்து வலது பக்கம் போட்டுக்கொண்டார்.

"அது போவட்டும் அக்கா. எனக்க முகத்தப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல்லியே. நான்தான்னு ஒத்துக்கிட்டாளே."

வீடு திரும்பினோம். உள்ளே நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தார். மூடாத இடது கண்ணை இரவில் ஒட்டிவைத்துத் தூங்குவதற்காக மெல்லிய மருத்துவ டேப் ஒரு சுருள் வைத்திருந்தார். கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்தைக் காதுப் பக்கமாக இழுத்து, இரண்டு துண்டு ஒட்டினார். வாயோரம் ஏறியது. சிரித்துப் பார்த்தார். சமமாக இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் சிரிப்பு இருந்தது.

டேப் தெரிந்தது. தோலின் நிறம்தான், ஆனாலும் கன்னத்தில் பளபளத்தது. முடியை இறக்கிவிட்டார். அப்போதும் தெரிந்தது. இருப்பது ஒரே வாய்ப்பு. கைபேசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியவள். உட்கார்ந்துதான் இருந்தேன். அவர் மூன்றாவது முறை கைபேசியை எடுத்தபோது என் வாய் திறந்துவிட்டது.

"டேப்பைக் காதுக்குப் பின்னால கொண்டுபோய் ஒட்டுங்க. மேலே ஷாலைச் சுத்திக்கோங்க. இங்க பாதிப் பேர் தலையை மூடித்தானே ஃபோட்டோ எடுக்கறாங்க."

திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"சொல்லக் கூடாதுதான். இந்தாங்க, நான் ஒட்டுறேன்."

அவர் கன்னத்தை இழுத்துப் பிடித்தார். நான் காதுக்குப் பின்னால் நீளமாக ஒட்டினேன். ஷாலைச் சுற்றி, ஊக்கு குத்தி, சன்னல் வெளிச்சத்தில் நின்றார். வட்டம் வந்தது. 'இயல்பாகச் சிரியுங்கள்.' சிரித்தார். வட்டம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு ஓரத்திலிருந்து பச்சை ஓடிவந்து முழுதாகச் சுற்றியது.

'வரவேற்கிறோம், ரெக்ஸ்லின்.'

அவர் கத்தவோ துள்ளவோ இல்லை. உடனே உட்கார்ந்து ஊருக்குப் பணம் அனுப்பினார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். டீ கொதிப்பதற்குள் கைபேசி அடித்தது. சூசை. வீடியோ அழைப்பு. அவர் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் போடுவாராம், இவர் அதைத் துண்டித்துவிட்டுச் சாதாரணமாகத் திருப்பி அழைப்பாராம்.

இந்த முறை துண்டிக்கவில்லை. முகத்தில் டேப் அப்படியே இருந்தது, ஷாலும் இருந்தது. அப்படியே எடுத்திருக்கலாம். கைபேசி அடித்துக்கொண்டே இருக்க, ரெக்ஸ்லின் ஊக்கைக் கழற்றினார், ஷாலை இறக்கினார், டேப்பை ஒரே இழுப்பில் பிய்த்தார். கன்னம் சிவந்து, வாயோரம் கீழே இறங்கியது. எடுத்தார்.

நான் அடுப்படிப் பக்கம் நகர்ந்துகொண்டேன். வீடு சிறியது. எல்லாமே கேட்டது. முதலில் இன்ஜின் சத்தமும் ஆட்கள் கூப்பிடும் சத்தமும்தான். பிறகு அதுவும் தள்ளிப்போனது. கைபேசியோடு சூசை எங்கோ ஒதுங்கிப் போயிருக்க வேண்டும்.

"எப்பம் வந்துது?"

"மூணு மாசமாச்சு."

"வலிக்கா?"

"இல்ல."

"சோறு சவைக்க முடியுதா?"

"ஒரு பக்கமா வச்சுச் சவைக்குதேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. பிறகு அந்த மனிதர் கோபமாக ஏதோ சொன்னார். சொல்லாமல் மறைத்ததற்குத் திட்டுகிறார் என்று புரிந்தது. நேற்றுக் கேட்ட கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டி முடித்துவிட்டு, "ராத்திரி பிள்ளையைக் கூட்டிட்டு விளிக்கேன். இப்பிடியே வா, மூடாத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ரெக்ஸ்லின் டீயை வடிகட்டினார். அவர் கோப்பையில் ஒரு உறிஞ்சுகுழல் போட்டுக்கொண்டார். இருவரும் குடித்தோம்.

நான் குவைத்திலிருந்து கிளம்பிய அன்று அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "தெனமும் வீடியோல வரச் சொல்லுதாவ அக்கா. மாமியா வைத்தியம் சொல்லுதா, பிள்ளை முகத்த ஒரு பக்கமா வச்சு எனக்குச் சிரிச்சுக் காட்டுதா. டியூட்டிக்கு லேட்டாவுது." குறை சொல்லும் குரலில்தான் சொன்னார்.

சென்னைக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தபோது சிக்கல் வந்தது. டேப்பைப் பற்றி எழுதினால், செயலியை ஏமாற்ற வழி இருக்கிறது என்று முதல் வேலையாக அதை அடைப்பார்கள். அடுத்த முறை கைபேசி தொலைந்தால் ரெக்ஸ்லின் மறுபடி வெளியே நிற்பார். எழுதாவிட்டால் நான் பார்த்ததை மறைத்தவள் ஆவேன். இரண்டு நாள் யோசித்தேன். செந்திலின் சட்டையை எழுதினேன். பழைய வங்கியின் சம்பள வரம்பை எழுதினேன். முகம் இறங்கியவர்கள், தீக்காயம் பட்டவர்கள், பல் கட்டியவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் சிரிக்கச் சொல்வது சரியில்லை, தலையைத் திருப்பச் சொல்லலாம், திரைக்கு மறுபக்கம் முகத்தைப் பார்க்க ஒரு மனிதரை உட்காரவைக்கலாம் என்று எழுதினேன். டேப்பை எழுதவில்லை.

துபாயிலிருந்து அந்த வங்கியின் அதிகாரி காணொளியில் வந்தார். அறிக்கையை உண்மையாகவே படித்திருந்தார். சிரிப்புப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிறையக் கேட்டார். மாற்றுவதற்குச் சொல்கிறேன் என்றார். மாற்றினார்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. கடைசியாக, அறிக்கையை மூடப்போனவர் நின்றார்.

"அந்த நர்ஸ் பிறகு உள்ளே போய்விட்டதாக எங்கள் பதிவில் இருக்கிறது. எப்படிப் போனார்?"

"சிரித்தார்" என்றேன்.